பின்னாடி வர்ற லாரி

போன வாரம் எங்க வீட்டுக்கு அக்கா மக வந்தா. டிகிரி முடிக்கப்போறா, சிடிஎஸ் பரீட்சை எழுதி, ஆர்மி ஆபீசர் ட்ரெய்னிங் குடுக்குற சென்னை ஓடிஏக்குத்தான் போவேன்னு ஒரே பிடியா நிக்கிறா. "மாமா, நீங்க அங்கதான இருந்தீங்க, என்ன வேலை பாத்தீங்க"ன்னு கேட்டா. லாரி ஓட்டுனேன் தாயின்னேன். "அவ்வளவுதானா மாமா"ன்னுட்டா. புள்ள தப்பா கேக்கல, ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, அதான் எழுதுறேன், அவளும் படிக்கட்டும்.

எங்க உச்சிப்புளி பக்கம் மிலிட்டரின்னா பருந்து நேவி ஸ்டேஷன்லேர்ந்து தலைக்கு மேல பறக்குற ஹெலிகாப்டர்தான் எல்லாருக்கும் கண்ணுல வரும். நான் இருந்தது ஆர்மி, அதுல ஏஎஸ்சி, ஆர்மி சர்வீஸ் கோர். அரிசி ஆட்டா பருப்பு, காய்கறி கறி பாலு, டீசல் பெட்ரோல், வண்டி, மலைமேல போனா கோவேறு கழுதை வரைக்கும் எங்க பொறுப்புதான். 1760லேர்ந்து கணக்கு வச்சு வருசா வருசம் டிசம்பர் 8 எங்களுக்கு கோர் டே, எங்க பிரிவோட பொறந்தநாள். துணிமணி, துப்பாக்கி, தோட்டா ஆர்டனன்ஸ்காரங்க குடுப்பாங்க, ரிப்பேருக்கு இஎம்இன்னு இன்னொரு பிரிவு. இத்தனை பேரும் பின்னாடி நின்னாத்தான் முன்னாடி ஒரு கேடட், அதாவது ஆபீசர் ட்ரெய்னிங் எடுக்குற புள்ள, ஓட முடியும்.

ஓடிஏ 1963ல ஆரம்பிச்சது, சீனா சண்டைக்குப் பிறகு ஆபீசர்ஸ் பத்தாம போச்சுன்னு. 1992லேர்ந்து பொம்பளப் புள்ளைகளும் அங்க ட்ரெய்னிங் எடுக்குறாங்க. 49 வாரம். அந்த 49 வாரமும் காலையில அவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாங்க எந்திரிச்சிருப்போம். வண்டிங்க நிக்கிற எம்டி பார்க்ல முதல்ல பர்ஸ்ட் பரேடு, அதாவது வண்டிக்குப் பரேடு, ஆயில், தண்ணி, டயர், பிரேக், பேட்டரி எல்லாம் பாத்து, கார் டைரின்னு வண்டியோட கணக்குப் புத்தகம், அதுல எழுதிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். நடுவுல நிறுத்துனா ஹால்ட் பரேடு, திரும்பி வந்தா லாஸ்ட் பரேடு. அப்ப சக்திமான் லாரியும் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஸ்டாலியனும் வந்திருச்சு. சக்திமான் ஸ்டியரிங்க ஒடிச்சு ஒடிச்சு தோள் இறங்கிப்போகும்.

ரேஷன் கணக்குதான் பெரிய தலைவலி. இன்னைக்கு எத்தனை பேரு, எத்தனை பேரு ஆஸ்பத்திரில, எத்தனை பேரு கேம்ப்புல, எத்தனை பேரு சைவம், எல்லாம் முந்தின நாளே வந்தாகணும், இல்லன்னா ஒண்ணு மிஞ்சும் இல்லன்னா பத்தாது. மிஞ்சுனாலும் கேள்வி, பத்தலன்னாலும் கேள்வி.

பயரிங் ரேஞ்ச் டியூட்டி இன்னொண்ணு. சுட்ட தோட்டாவோட காலி பித்தளைக்கு கோக்கான்னு பேரு, எத்தனை தோட்டா வாங்குனமோ அத்தனை கோக்கா திருப்பிக் குடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் சாயங்காலம் அத்தனை பேரும் புல்லுக்குள்ள குனிஞ்சு தேடணும், நாளைக்கு ஆபீசர் ஆகப்போற கேடட்டும் தேடணும், நானும் தேடணும். தேடிக் கிடைச்சா ஒரு சந்தோசம் வரும் பாருங்க, மணல்ல விழுந்த மூக்குத்தி கிடைச்ச மாதிரி.

இப்ப என் தூக்கத்த கெடுத்த ஒரு தண்ணி விசயத்துக்கு வர்றேன். ஒரு கேம்ப்பு, கேடட்டுங்க ராத்திரி முழுக்க முதுகுல மூட்டையோட நடந்து விடிகாலை ஒரு இடத்துக்கு வந்து சேரணும், அங்க நான் தண்ணியும் டீயும் கொண்டுபோய் நிக்கணும். ஜெரிகேன் ஒண்ணு இருபது லிட்டர், லாரி நிறைய அடுக்கியிருந்தேன். வழியில டயர் போச்சு. ஸ்டெப்னிய இறக்குனா அதுல காத்து இல்ல. முந்தின நாள் காலைல பர்ஸ்ட் பரேடுல நான் ஸ்டெப்னிய தட்டிக்கூடப் பாக்கல, பாத்ததா டைரில எழுதிட்டேன். இன்னொரு வண்டி வந்து நாங்க போய்ச் சேர ரெண்டு மணி நேரம் லேட்டு. பொழுது நல்லா ஏறிருச்சு. புள்ளைங்க உதடெல்லாம் வெடிச்சு உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. சுபேதார் சாப் என்னைத் திட்டல, கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வரிசையா அவங்க மூஞ்சிய பாக்க வச்சாரு, அவ்வளவுதான். தண்டனையும் பின்னாடி கிடைச்சது, அது எனக்கு ஞாபகமே இல்ல, அந்த மூஞ்சிங்கதான் இருக்கு.

நான் தண்ணிக்கு அலைஞ்ச ஊர்ல பொறந்தவன். எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி குடத்தோட போயி ஊத்துல சுரண்டி சுரண்டி மொண்டு வரும், கடல் பக்கத்துலயே இருந்தும் குடிக்க ஒரு செம்பு கிடையாது. அந்தப் பையனே ஒரு ஸ்டெப்னிய பாக்காம விட்டான்னா என்னத்த சொல்ல. அதுக்குப் பிறகு ரிட்டையர் ஆகுற வரைக்கும் பாக்காத ஒண்ண பாத்ததா நான் எழுதுனதே இல்ல.

ஓடிஏல டிரில் ஸ்கொயருக்கு மேஜர் பரமேஸ்வரன் பேரு வச்சிருக்காங்க. அங்க ட்ரெய்னிங் முடிச்சு 1972ல ஆபீசர் ஆனவரு, 1987 நவம்பர்ல இலங்கையில உயிர விட்டாரு, பரம் வீர் சக்ரா குடுத்தாங்க. தனுஷ்கோடில நின்னா அந்தப் பக்கந்தான், அதனால எங்க ஊர்க்காரனுக்கு அந்தப் பேரு கூடுதலாவே உறைக்கும். ட்ரெய்னிங் முடியுற பாசிங் அவுட் பரேடு அன்னைக்கு அந்த ஸ்கொயர்ல புள்ளைங்க கடைசி அடி எடுத்து வச்சு வருவாங்க, பிறகு அப்பா அம்மா தோள்ல ஸ்டார் குத்துவாங்க. நான் தூரத்துல லாரி பக்கத்துல நின்னு பாப்பேன். ஒரு தடவை ஒரு லேடி ஆபீசர், ஸ்டார் குத்துன சூட்டோட நேரா லங்கருக்கு, அதான் சமையக்கட்டுக்கு, வந்து சமையல்காரரு கைய புடிச்சு "சாப், அந்த கேம்ப்புல நீங்க குடுத்த சூடான டீ மறக்காது"ன்னு சொன்னாங்க. அவரு அன்னைக்கு முழுக்க யாரோடயும் பேசவே இல்ல.

அக்கா மகளே, நீ அங்க போனா உனக்குப் பின்னாடி வர்ற லாரிய திரும்பிப் பாரு, ஓட்டுறவன் பேர கேட்டு வச்சுக்க.

இப்ப நான் ஒரு லோடு ஆட்டோ வச்சு மண்டபத்துலேர்ந்து ஐஸ் ஏத்திட்டு வடகடல் கரைக்குக் கொண்டுபோறேன். ஐஸ் வராம வள்ளம் கிளம்பாது. நேத்து காலைல அஞ்சு மணிக்கு டார்ச்சோட பானெட்ட தூக்குனேன், அக்கா மக பின்னாடி வந்து நின்னா. ஆயில் அளவு பாக்குற டிப் ஸ்டிக்க கைல குடுத்தேன். துடைச்சு, விட்டு, எடுத்துப் பாத்து, "கொஞ்சம் குறையுது மாமா"ன்னா. பிறகு அவளா குனிஞ்சு ஸ்டெப்னிய தட்டிப் பாத்தா.