காற்றில் ஓடும் ரைஃபிளுக்கு எந்த இன்ஜின்?

பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாடும் என் எம்4 ஏர்சாஃப்ட் ரைஃபிளில் மூன்றாவது முறையாகப் பிஸ்டன் பல் கொட்டியதும், இனி மோட்டார், கியர், ஸ்பிரிங் எதுவும் வேண்டாம், காற்றுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். முடிவெடுக்க ஒரு நாள்தான் ஆனது. எந்த இன்ஜின் என்று தேர்ந்தெடுக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் படித்தது, நண்பர்களின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தது, ஒருநாள் மைதானத்தில் நேரில் கண்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். நான் விளையாடுவது இங்கிலாந்தில், பெரும்பாலும் காட்டு மைதானங்களில். அதனால் சட்டமும் காற்று நிரப்பும் வசதியும் இந்த ஊர்க் கணக்கு.

பேட்டரியில் ஓடும் ரைஃபிளில் மோட்டார் கியரைச் சுற்றும், கியர் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தும், விடுபட்ட பிஸ்டன் முன்னால் பாயும்போது தள்ளுகிற காற்றில்தான் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு வெளியே போகும். எச்.பி.ஏ. எனப்படும் உயர் அழுத்தக் காற்று முறையில் இந்த வேலை எதுவும் துப்பாக்கிக்குள் நடப்பதில்லை. காற்று ஏற்கெனவே 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சிலிண்டரில் அடைபட்டிருக்கிறது. சிலிண்டர் கழுத்தில் உள்ள ரெகுலேட்டர் அதைச் சில நூறுக்குக் குறைக்கும், அடுத்த ரெகுலேட்டர் இன்னும் குறைத்து 100 பி.எஸ்.ஐ. பக்கம் கொண்டுவரும், அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடியின் அடிவழியாக ஏறி இன்ஜினுக்குப் போகும். இன்ஜின் என்று பெரிய பெயர் இருந்தாலும் அது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வுதான்.

அதனால் இன்ஜினைப் பார்க்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். நீங்கள் போகிற மைதானத்தில் நிரப்பித் தருகிறார்களா, 3000 வரை மட்டுமா, 4500 வரை போகுமா, பக்கத்தில் டைவிங் கடை ஏதாவது இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் எந்த சிலிண்டர் என்று யோசிக்கலாம். 13 கன அங்குல சிலிண்டர் சின்னது, தோளில் முட்டுக்கொடுக்கும் ஸ்டாக்குக்குள்ளேயே போய்விடும், ஆனால் மதியத்துக்குள் மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். 48 என்றால் ஏறக்குறைய 0.8 லிட்டர், முதுகுப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடலாம். நான் வைத்திருப்பது அதுதான். பலர் இன்ஜினுக்கு மட்டும் பணத்தைச் சேர்த்துவிட்டு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் என்று வரும்போது திகைத்துப்போகிறார்கள். ரெகுலேட்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது சீராக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல இன்ஜினும் ஒரு குண்டை ஒரு வேகத்தில், அடுத்ததை வேறொரு வேகத்தில்தான் தள்ளும்.

சரி, என் மனதை மாற்றிய அந்த நாளுக்கு வருகிறேன். நண்பன் புதிதாகப் போட்ட எலக்ட்ரானிக் இன்ஜினோடு வந்திருந்தான். காலையில் வேகம் அளக்கும் குரோனோ மேசையில் 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு 345 அடி காட்டியது. அந்த மைதானத்தின் எல்லை 350, அதாவது 1.14 ஜூல் ஆற்றல். அவனுக்குச் சந்தோஷம். மேசையில் இருந்த மார்ஷல் பெண்மணி, “இன்றைக்கு எந்த குண்டு போடப்போகிறாய்?” என்று கேட்டார். 0.32 என்றான். அதையே போட்டுச் சுடச் சொன்னார். 300 அடி. வேகம் குறைந்துவிட்டதே என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் அட்டவணையில் விரலை வைத்துக் காட்டினார்: 0.32 கிராம், 300 அடி, 1.34 ஜூல். “மச்சான், காலையில 1.1தானடா இருந்துச்சு” என்று அவன் என்னைப் பார்த்தான்.

நடந்தது இதுதான். பிஸ்டன் தள்ளும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு, பிஸ்டன் ஓடும் அறைக்குள் இருப்பது தீர்ந்தால் தீர்ந்தது. காற்று இன்ஜினில் வால்வு சில மில்லி விநாடிகள் திறந்தே இருக்கிறது. கனமான குண்டு குழலைவிட்டு வெளியேற நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்கப் பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். குண்டு கனக்க கனக்க ஆற்றல் ஏறுகிறது. குழல் நீளமாக இருந்தால் இன்னும் மோசம். இதைத்தான் ஜூல் கிரீப் என்கிறார்கள். இங்கே 2017 சட்டப்படி ஆட்டோவில், அதாவது ட்ரிகரைப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து, சுடக்கூடிய ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு உச்சவரம்பு 1.3 ஜூல், செமியில், அதாவது ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒன்றே ஒன்று சுடுவதற்கு 2.5. அந்த 1.3-ஐத் தாண்டினால் அது சட்டத்தின் கண்ணில் விளையாட்டுச் சாமானே அல்ல, துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிடும். செமியில் மட்டும்தான் சுடுகிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஆட்டோவில் சுட முடியுமா என்பதுதான் கேள்வி. அவன் வால்வு திறக்கும் நேரத்தையும் அழுத்தத்தையும் இறக்கி, 0.32-க்கு 277 அடிக்குக் கீழே கொண்டுவந்து, மார்ஷல் ரெகுலேட்டருக்குப் பூட்டுப் போட்ட பிறகுதான் உள்ளே போனோம். எதிரே நிற்பவன் முகத்தில் படுகிற விஷயம் இது. அவர் கண்டிப்பாக இருந்ததில் எனக்கு ரொம்ப மரியாதை.

இனி இன்ஜின். எலக்ட்ரானிக்கில் பொதுவாக இரண்டு வகை. ஒரே சோலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) உள்ளவற்றில், குண்டைக் குழலுக்குள் தள்ளும் முனையான நாசிலின் அசைவும் காற்று விடுவதும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. அமைப்பது சுலபம், பழுதாக இடமும் குறைவு. உல்வரின் கம்பெனியின் இன்ஃபெர்னோ, போலார்ஸ்டாரின் ஜாக் எல்லாம் இந்த வகை. போலார்ஸ்டாரின் எஃப்2 மாதிரி இரண்டு சோலினாய்டு உள்ளவற்றில் நாசிலைத் தனியாகவும் காற்றைத் தனியாகவும் அமைக்கலாம். நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கம். போலந்துக்காரர்களான கேட் கம்பெனியின் பல்சாரில் எலக்ட்ரானிக் அமைப்புகளைப் போனிலிருந்தே மாற்றலாம். எல்லாமே நல்ல பொருள்தான், என் நண்பர்கள் சந்தோஷமாக வைத்திருக்கிறார்கள்.

நான் வாங்கியது போலார்ஸ்டாரின் கைதெரா. இதில் பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, போர்டு இல்லை, ஆட்டோவும் இல்லை. ட்ரிகர் நேராக வால்வைத் தட்டுகிறது. இழுத்தால் ஒன்று, விட்டு மறுபடி இழுத்தால் இன்னொன்று. முதல்முறை ஒரு நண்பரின் ரைஃபிளில் இழுத்துப் பார்த்தபோது விரலுக்கு ஒரு சுவர் தட்டுப்பட்டது, அதைத் தாண்டியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம், விட்டதும் ட்ரிகர் விரலைத் திருப்பித் தள்ளியது. எலக்ட்ரானிக் ட்ரிகர் கம்ப்யூட்டர் மவுஸ் பட்டன் மாதிரி லேசாக இருக்கும், அதில் வேகமாகச் சுடலாம், உண்மை. ஆனால் நான் ஒரு புதருக்குப் பின்னால் பத்து நிமிடம் படுத்திருந்து இரண்டே இரண்டு குண்டு சுடுகிற ஆள். எனக்கு அந்தச் சுவர் வேண்டும். கட்டடங்களுக்குள் நடக்கும் ஆட்டங்களில் இங்கே பல இடங்களில் செமி மட்டும்தான் அனுமதி, அதனால் ஆட்டோவை இழந்ததாகவே தோன்றவில்லை. நீங்கள் அணிக்குத் துணையாகச் சரமாரியாகச் சுடும் ஆதரவுத் துப்பாக்கி தூக்குகிறவர் என்றால் இது உங்களுக்கு இல்லை, எலக்ட்ரானிக் பக்கம் போங்கள்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: இன்ஜின் மாற்றியதால் தூரம் அதிகமாகும் என்று. தூரத்தைத் தருவது குண்டைப் பின்பக்கமாகச் சுழலவிடும் ஹாப்-அப் ரப்பரும் குழலும் நல்ல குண்டும்தான். நாசில் ரப்பரில் சரியாக உட்காராமல் காற்று கசிந்ததால் முதல் வாரம் முழுக்க என் குண்டுகள் ஏறுக்குமாறாகப் போயின. வேறு ரப்பர் போட்டதும் சரியானது.

அப்புறம், நிரப்பும்போது அவசரப்படுத்தாதீர்கள். வேகமாக அடைத்தால் காற்று சூடேறும், முள் 3000 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடத் தடவக் கூடாது, அந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடிக்கும். பழைய சிலிண்டர் வாங்கினால் அதில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியை முதலில் படியுங்கள். குழாயைத் தோள்பட்டை வாரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். என்னுடையது முட்புதரில் மாட்டி இணைப்பு கழன்று, ‘புஸ்’ஸென்ற சத்தத்தில் நான் ஒளிந்திருந்த இடம் எதிரணி முழுவதுக்கும் தெரிந்துபோனது.

உங்களிடம் வெர்ஷன் 2 கியர்பாக்ஸ் எம்4 இருந்தால் எந்த மாடல், குழல் எத்தனை மி.மீ., எந்த எடைக் குண்டு என்று எழுதுங்கள். கைதெரா அதில் உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.