டிஸ்கில் கோளாறில்லை, ரேம்தான் போதவில்லை

பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய ஒரு போட்டோ ஸ்டூடியோவிலும் அதுதான் நடந்தது. பெட்டியை விற்றவர் நேரில் வந்துகூடப் பார்க்காமல், “டிஸ்கை மாற்றிவிடுங்கள்” என்று போனிலேயே சொல்லிவிட்டார். உள்ளே இருந்தவை பல வருடக் கல்யாணப் படங்கள். “படமெல்லாம் திறக்கிறது தம்பி, புதிதாகத்தான் எதையும் போட முடியவில்லை” என்று ஸ்டூடியோ அண்ணன் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. சாகிற டிஸ்க் இவ்வளவு ஒழுங்காகப் படித்துக் காட்டாது.

படிக்க முடிகிறபோதே எல்லாப் படங்களையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்துக்கொண்டேன். பிறகு டிஸ்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்) பூஜ்யம், படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவையும் பூஜ்யம். இந்த இரண்டு எண்களும் ஏறிக்கொண்டிருந்தால் கோப்பு முறைமையை, அதாவது கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற கணக்கை, சரிபார்க்கும் வேலையை ஓட்டவே கூடாது. நோயாளியை ஓடவைப்பது போல அது. ஏறவில்லை என்பதால் டிஸ்கின் மீதிருந்த பழி அங்கேயே நீங்கியது.

லேப்டாப்பிலேயே சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு அதுதான் சுலபம். ஆனால் அடுத்த சில மின்வெட்டுகளில் பெட்டி மறுபடியும் இதே இடத்தில் வந்து நிற்கும். எங்கே தடுக்கி விழுகிறது என்பதைப் பெட்டிக்குள்ளேயே பார்த்தாக வேண்டும்.

மூடியைத் திறந்தால் கடற்காற்றின் கைவரிசை தெரிந்தது. காசிமேடு கூப்பிடு தூரம். யுஎஸ்பி முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. போர்டின் ஓரத்தில், பெட்டி தன் தொடக்கச் செய்திகளை அனுப்பும் நான்கு பின்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் 3.3 வோல்ட் சீரியல் கேபிளை அதில் இணைத்தேன். கிரவுண்டு, அனுப்புவது, பெறுவது என மூன்று வயர்கள் போதும். மின்சார வயரை இணைக்கக் கூடாது. வேகத்தை 1,15,200 என்று வைத்ததும் பெட்டி பேச ஆரம்பித்தது.

அது சொன்ன கதை இதுதான். பெட்டி எழுந்ததும் டிஸ்கை மவுண்ட் செய்வதற்கு (பயன்பாட்டுக்கு இணைப்பதற்கு) முன் எஃப்எஸ்சிகே என்ற கோப்பு முறைமைச் சரிபார்ப்பு நிரல் ஓடுகிறது. முதல் கட்டத்திலேயே அது கொல்லப்படுகிறது. நினைவகம் தீர்ந்ததால் அந்த நிரலைக் கொன்றதாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் லாகில் (பதிவேட்டில்) ஒரு வரி. எஃப்எஸ்சிகே பிழைகளைத் திருத்திவிட்டால் திரும்பத் தரும் எண் 1. திருத்தாமல் விட்டால் 4. நினைவகம் கேட்டுக் கிடைக்காமல் தானே நின்றுபோனால் 8. கெர்னல் கொன்றுவிட்டால் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில் வருவது 137, அதாவது 128 உடன் கொல்லும் சிக்னலின் எண் 9. பெட்டியின் தொடக்க ஸ்கிரிப்டுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 1-க்கு மேல் எது வந்தாலும் டிஸ்க் கெட்டது என்று சிவப்பு விளக்கைப் போட்டு, படிக்க மட்டும் மவுண்ட் செய்துவிடும். எழுதியவரைச் சொல்ல வேண்டும்.

ஏன் நினைவகம் தீர்கிறது? கணக்குப் போட்டாலே புரியும். 2 டிபி டிஸ்கை 4 கேபி பிளாக்குகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 48.8 கோடி பிளாக்குகள். ஒவ்வொன்றும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று குறிக்க ஒரு பிட் என்றாலும் ஒரு பிட்மேப்புக்கே 61 எம்பி ஆகிறது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பிட்மேப்புகள் வேண்டும். பெட்டியின் மொத்த ரேம் 128 எம்பி; அதிலும் விண்டோஸ் பகிர்வுக்கான சம்பா ஒரு பங்கு, யாரும் பயன்படுத்தாத மீடியா சர்வர் ஒரு பங்கு. எஃப்எஸ்சிகே அடங்கிய இ2எஃப்எஸ்புரோக்ஸ் தொகுப்பின் 2011-இல் வந்த 1.42 பதிப்பு, பிட்மேப்பை மர வடிவில் சுருக்கி வைக்கக் கற்றுக்கொண்டது. இந்தப் பெட்டியில் இருந்ததோ அதற்கு முந்தைய 1.41.

போதாக்குறைக்கு, தினமும் இரவு ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) முறையில் காப்பு நகல் எடுக்க யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள். மாறாத படங்களுக்கு இடம் பிடிக்காது என்பதால் சிக்கனமான முறைதான். ஆனால் ஃபோல்டர்களுக்கு ஹார்டு லிங்க் போட முடியாது. ஒவ்வொரு இரவும் அவை புதிதாக உருவாகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட லிங்க் உள்ள கோப்புகளையும் எல்லா ஃபோல்டர்களையும் எஃப்எஸ்சிகே தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கில் இடம் மிச்சமாக, ரேம் அதற்கு விலை கொடுத்தது.

வைத்தியம் எளிது. சம்பாவையும் மீடியா சர்வரையும் நிறுத்தினேன். பென் டிரைவ் ஒன்றை, ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்பாக மாற்றி இயக்கினேன். கெர்னலில் ஸ்வாப் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் அதை நீக்கியிருப்பார்கள். சரிபார்க்கப் போகும் கோப்பு முறைமைக்குள் ஸ்வாப் கோப்பை வைக்கவே கூடாது. 32 பிட் சிப்பில் ஒரு நிரலுக்கு ஏறத்தாழ 3 ஜிபிக்கு மேல் முகவரி கிடைக்காது என்பதால் மலைபோல் ஸ்வாப் கொடுத்தும் பயனில்லை. அந்த எல்லையில் முட்டினால் எஃப்எஸ்சிகேயின் அமைப்புக் கோப்பில் ஸ்கிராட்ச் ஃபைல்ஸ் என்ற பகுதியில் ஒரு ஃபோல்டரைக் குறிப்பிடலாம். லிங்க் எண்ணிக்கையும் ஃபோல்டர் விவரங்களும் ரேமுக்குப் பதில் அங்கே போகும். ஆமை வேகம்தான், பிட்மேப்புக்கு அது உதவவும் உதவாது. எனக்கு ஸ்வாப்பே போதுமானதாக இருந்தது.

டிஸ்கை அன்மவுண்ட் செய்து, எதையும் மாற்றாத மைனஸ் என் விருப்பத்தோடு ஒரு சுற்று ஓட்டி, என்னென்ன குறை சொல்கிறது என்று பார்த்தேன். காலி பிளாக் எண்ணிக்கையில் சிறு பிசகுகள், பெயர் இழந்த சில கோப்புகள், அவ்வளவே. பிறகு திருத்தும்படி ஓடவிட்டேன். சதவீதம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு அமர்வது வெட்டி வேலை; டீ குடித்து, மதியச் சாப்பாடும் முடித்து வந்தபோதும் முதல் கட்டத்திலேயே இருந்தது. முடிவில் வந்த எண் 1. பெயர் இழந்தவை வெறும் எண்களோடு லாஸ்ட் அண்டு ஃபவுண்டு ஃபோல்டரில் கிடந்தன. உள்ளே முதல் பைட்டுகள் எஃப்எஃப் டி8 என்று தொடங்கியவை ஜேபெக் படங்கள். பெயர் வைத்தால் திறந்தன.

மிச்சமிருந்த கேள்வி, முழுச் சரிபார்ப்பு ஏன் தொடங்கியது என்பது. டிஸ்கில் இருந்த ஈஎக்ஸ்டி3 கோப்பு முறைமையில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேடு, இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அதைப் படித்துச் சரிசெய்துகொண்டாலே பெரும்பாலும் போதும். கோப்பு முறைமையின் அமைப்புகளைக் காட்டும் டியூன்2எஃப்எஸ் கட்டளை தந்த விவரத்தில் விடை இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி, இருபது முப்பது மவுண்ட்டுகளுக்கு ஒருமுறையோ 180 நாட்களுக்கு ஒருமுறையோ முழுச் சரிபார்ப்பு கட்டாயம். மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு மவுண்ட். எங்கள் பக்கத்து மழைக்கால மின்வெட்டுக்கு அந்த எண்ணிக்கை எம்மாத்திரம்! சரிபார்ப்பு முடியாமலே சாவதால் எண்ணிக்கையும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் அதே கூத்து.

இரண்டு வரம்புகளையும் பூஜ்யமாக்கினேன். பழைய காப்பு நகல்களில் பெரும்பகுதியை நீக்கி, சில வாரங்களுக்கானவற்றை மட்டும் வைத்தேன். 1.42-க்குப் பிந்தைய எஃப்எஸ்சிகேயை அந்தச் சிப்புக்கென்று தொகுத்து பென் டிரைவிலேயே போட்டுக் கொடுத்தேன். ஸ்வாப்பை அன்றாடம் இயக்கி வைக்கவில்லை. பென் டிரைவ் தேய்ந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கையால் ஓட்டினால் போதும். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அப்போது வைத்துக்கொள்ளலாம் என்றேன். “ராயபுரத்தில் சர்ச் கல்யாணம் ஆடியிலும் உண்டு தம்பி” என்றார் அண்ணன். ஆடியில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு என்று முடிவானது.