ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்

“நல்லதோ கெட்டதோ, எதுவா இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் போடுங்க சார்.” வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நாடகத்தின் இயக்குநர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். நான் என்ன எழுதப்போகிறேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் விமர்சனம் இணையத்தில் வந்துவிட்டது.

எனக்கு அதில் தயக்கமே இல்லை. போடுவதே இரண்டு ஆட்டம். இரண்டும் முடிந்தபிறகு விமர்சனம் வந்தால் அதைப் படித்துவிட்டு யார் எங்கே போய் நாடகம் பார்ப்பது? காசு கொடுத்து ஞாயிறு மாலை எழும்பூருக்கு வருகிறவரிடம் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டாமா? இதையே எடிட்டரிடமும் சொன்னேன், அவர் கேட்காமலேயே.

எழுதியதும் மோசமாக இல்லை. பிரதி வலுவானது, இரண்டு பெண்களின் நடிப்பு அருமை, ஆனால் பாதி வசனம் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றேன். ஆட்டம் நடந்த மியூசியம் தியேட்டர் 1896இல், நாடக மேடைக்கு மைக் வருவதற்கு முன்பே கட்டிய அரங்கு. அங்கேயே குரல் எட்டவில்லை என்றால் பழியை அரங்கின்மேல் போட முடியாது.

சரி, யார்மேல் போடுவது? ஆபீஸ் முடிந்து மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கிறவர்கள். அரங்கு கைக்கு வருவதே ஆட்டத்தன்றுதான், முந்தின நாளுக்கும் வாடகை கட்ட எங்கே போவார்கள்? சபா நாடகம் என்றால் முதல் நாள் சொதப்பினாலும் பத்தாவது ஆட்டத்துக்குள் வசனம் இறுகிவிடும், சிரிப்பு எங்கே விழுகிறது என்று பிடிபட்டுவிடும், சபா செக்ரட்டரிகள் தேதி கொடுத்துவிட்டால் நாங்கள் எழுதுவதை யாரும் சட்டை செய்வதுமில்லை. 1977இல் கூத்துப்பட்டறை, அடுத்த வருஷம் பரீக்ஷா என்று குழுக்கள் கிளம்பிய இந்த நவீன நாடகப் பக்கத்துக்கு அந்த வசதி பெரும்பாலும் வாய்த்ததில்லை. இவர்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில்தான் எழுதினார்கள், தாமதமாக, ஆனால் விரிவாக. வெளி ரங்கராஜன் நடத்திய ‘நாடகவெளி’ இதழ் மாதிரி ஒன்று இப்போது இருந்தால் நான் முந்நூறு வார்த்தையில் தீர்ப்பெழுத வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு சாக்குதான்.

ஞாயிறன்று கூட்டம் குறைவாம். மழையும் பெய்தது. என் விமர்சனத்தைப் படித்துவிட்டு வராமல் போனவர் ஒருவராவது இருப்பாரா என்பதே சந்தேகம், இருந்திருந்தால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பேனோ என்னவோ. என்னைக் குடைவது வேறு. அதில் நடித்த ஒருவர் பிறகு சொன்னார், அன்றைக்கு எல்லோரும் கத்தினார்களாம். குரல் கேட்டது, நாடகம் போய்விட்டது. ரகசியம் பேசுகிற காட்சியில்கூடக் கத்தியிருக்கிறார்கள், கடைசி வரிசையை நினைத்துக்கொண்டே.

அப்படியானால் இயக்குநர் டிக்கெட்டை நினைத்துக் கேட்கவில்லை, நடிகர்களை நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். ‘நல்லதோ’ என்று சொன்னதும் அதனால்தான் போலிருக்கிறது. பாராட்டினாலும் பாராட்டிய இடத்தில் கூடுதலாக நடிப்பார்கள். இதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் நிறுத்திவைத்திருப்பேனா? வாசகருக்கு எழுதுகிறவன் நடிகரின் மனநிலைக்கும் பொறுப்பா? இல்லை என்று நாலு பேர் முன்னால் வாதாடுவேன். ஆனால் நான் எழுதியதை அந்தப் பத்துப் பேரைத் தவிர வேறு யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்கவே மாட்டார்கள்.

குழுவின் நிதியுதவி விண்ணப்பத்தோடு என் விமர்சனத்தையும் இணைத்திருந்ததாக அப்புறம் தெரிந்தது. முதல் பத்தி மட்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இப்போது அவர்களின் அடுத்த நாடகம் வருகிறது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று எடிட்டரிடம் சொல்லிப் பார்த்தேன். “நாடகத்துக்கு எழுத உங்களை விட்டா இங்க வேற யாருங்க இருக்கா?” என்கிறார்.