லார்ஸாக் மேட்டுநிலம்: கல்லும் ஆடும்

தென் பிரான்ஸில் மோன்பெலியே பக்கமிருந்து வந்து, வடக்கே போகும் ஏ75 நெடுஞ்சாலையைப் பிடித்தால், லொதேவ் ஊரை நெருங்கும் வரை திராட்சைத் தோட்டங்கள் கூடவே வருகின்றன. அப்புறம் எஸ்கலேத் கணவாயில் சாலை பாறைச் சுவர்களை ஒட்டி ஏறத் தொடங்குகிறது. மேலே வந்து சேர்ந்தால் திராட்சை இல்லை, மரங்களும் குறைவு. வெளுத்த சுண்ணாம்புக்கல், காற்றில் சாயும் புல், அங்கங்கே புதர்கள். இதுதான் லார்ஸாக். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 600 முதல் 900 மீட்டர் உயரம்; பரப்பளவு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர்.

தென் பிரான்ஸில் கிராமம் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் ப்ரோவான்ஸுக்குத்தான் வழி சொல்வார்கள். கோர்த், ரூசியோன், லாவெண்டர் வயல்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் அங்கே காரை நிறுத்த இடம் பிடிப்பதே ஒரு வேலை. என் கணவருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. அதனால் ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் வந்தோம்.

இங்கே எதைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களில் போய் முடிகிறது: தண்ணீர் இல்லாமை, செம்மறி ஆடு. மழை பெய்யாத ஊர் இல்லை இது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை விரிசல்கள் விழுங்கிவிடும். மேட்டின் மேல் ஓடையைத் தேடினால் கிடைக்காது. எல்லாத் தண்ணீரும் பூமிக்குள் போய், பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வருகிறது. உழவுக்கு ஆழமான மண்ணும் கிடையாது. புல் மட்டும் உண்டு. சரி, ஆடு வளர்ப்பதைத் தவிர என்ன செய்வது?

லா கூவர்துவாராட் கிராமத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மதில் சூழ்ந்த சிறிய ஊர். காரை வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். வாசலில் நுழைவதற்கு முன்பே மதிலுக்கு வெளியே ஒரு குட்டை இருக்கிறது. லவோன் என்கிறார்கள். பெரிய கல் வாணலியைத் தரையில் புதைத்து வைத்தாற்போல் நாலாபக்கமும் சரிந்து இறங்கும் வட்டம். அடியில் களிமண் பூசி, அதன்மேல் தட்டைக் கற்களை நெருக்கமாகப் பாவியிருக்கிறார்கள். கற்கள் அழகுக்காக இல்லை: நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒரே நேரத்தில் இறங்கிக் குடிக்கும்போது குளம்பு பட்டுக் களிமண் கிழிந்தால் தண்ணீர் ஒரே வாரத்தில் காணாமல் போய்விடும். கரையில் உட்கார்ந்து கற்களைத் தடவிப் பார்த்தேன். விளிம்புகள் மழுங்கி வழவழப்பாகியிருந்தன.

ஊருக்குள் கோட்டை கட்டியவர்கள் டெம்ப்ளர் வீரத் துறவிகள், 12-ஆம் நூற்றாண்டில். ஜெருசலேம் பக்கம் சிலுவைப் போர் நடத்தியவர்களுக்கு இந்தக் கல்மேட்டில் என்ன வேலை என்று தோன்றும். போருக்குப் பணம் வேண்டும். கம்பளி, தோல், இறைச்சி, குதிரை எல்லாம் இங்கிருந்து போயின. 1307-இல் பிரெஞ்சு மன்னர் நாலாம் பிலிப் டெம்ப்ளர்களை ஒரே நாளில் பிடித்து உள்ளே போட்டார். 1312-இல் அந்தச் சபையையே போப் கலைத்துவிட்டார். சொத்து ஹாஸ்பிடலர் என்ற இன்னொரு வீரத் துறவிச் சபைக்குப் போனது. இப்போது நாம் மேலேறி நடக்கும் மதில் அவர்கள் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. சுற்றுலாக் கடைகள் எல்லாம் டெம்ப்ளர் வாளும் சிலுவையுமாக விற்கின்றன. மதில் கட்டிய ஹாஸ்பிடலர்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

எனக்குப் பிடித்தது வீடுகள்தான். உத்திரத்துக்கு நல்ல மரம் கிடைக்காத ஊர் என்பதால் கூரை வரைக்கும் கல் வளைவாகவே எழுப்பியிருக்கிறார்கள். கீழ்த்தளம் ஆட்டுத் தொழுவம். மனிதர்கள் வெளிப்புறக் கல்படி ஏறி மாடிக்குப் போவார்கள். குளிர்காலத்தில் கீழே ஆடுகளின் சூடு மேலே வரும், வாசனையும் வந்திருக்கும். கூரை மழைநீர் தொட்டிக்கு இறங்குகிறது. பல கதவுகளில் கார்தபெல் என்ற முட்செடியின் காய்ந்த பூவை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். பெரிய தட்டு அளவு, நடுவில் பொன்னிறம், சுற்றிலும் முள் இலைகள். காற்றில் ஈரம் ஏறினால் காய்ந்த பூவும் மூடிக்கொள்ளும். மழை வருமா என்று கதவைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். நாங்கள் பார்த்தவை எல்லாம் விரிந்தே இருந்தன. வெயிலும் அப்படித்தான் கொளுத்தியது.

சீஸுக்குப் பேர்போன ரோக்ஃபோர் இங்கிருந்து அதிக தூரமில்லை. கோம்பலூ மலைச்சரிவு என்றோ இடிந்து விழுந்து, அந்தப் பாறைக் குவியலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். ஒரு நீண்ட தெரு, அவ்வளவுதான். விஷயமெல்லாம் அடியில் இருக்கிறது. குகைக்குள் இறங்கியதும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. சுவரில் ஃப்ளூரின் என்று சொல்லும் பாறை வெடிப்புகள். ஒன்றின் முன் கையை நீட்டினேன், ஈரமான குளிர்காற்று விரல்களில் மோதியது. அந்தக் காற்றுதான் குகையை வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே குளிரில் வைத்திருக்கிறது. லகோன் என்ற உள்ளூர் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலில் சீஸ் செய்து, பூஞ்சையைக் கலந்து, உள்ளே காற்றுப் புக ஊசிகளால் குத்தி, ஓக் பலகைகளில் அடுக்குகிறார்கள். அந்தத் துளைகளின் வழியேதான் நீலப்பச்சை நரம்புகள் ஓடுகின்றன. மொத்தம் 90 நாளாவது முதிர வேண்டும். இந்தக் குகைகளில் முதிர்வது மட்டுமே ரோக்ஃபோர் என்ற உரிமையை 1411-இல் மன்னர் ஆறாம் சார்ல்ஸே எழுதிக் கொடுத்திருக்கிறார். 1925-இல் அது சட்டமாகவும் ஆனது.

ருசி? உப்பு, காரம், அதன் பின்னால் ஒரு வெண்ணெய்த்தனம். "இதற்குப் போய் காசு கொடுத்தாயா?" என்றார் கணவர். பேரிக்காய்த் துண்டோடு சாப்பிடக் கொடுத்தபின் பேச்சைக் காணோம். சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பாலை உறைய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள்.

பால் முழுக்க சீஸுக்குப் போவதால் குட்டிகளைச் சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். இறைச்சிக்குப் போகும் குட்டிகளின் மெல்லிய தோல்தான் பக்கத்திலுள்ள மியோ நகரைக் கையுறைகளுக்குப் பேர் பெற்ற ஊராக்கியது. கேட்க இனிமையான கதை இல்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கையுறைகளின் மென்மை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பார்ப்பது நல்லது.

இந்த மேட்டில் நான் தேடிப் போன இடம் ஒன்று உண்டு. 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே, இங்குள்ள ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப் போவதாக அறிவித்தார். ஆடு மேயும் நிலம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. அடுத்த மார்ச்சில் லான்ஸா தெல் வாஸ்தோ என்பவர் லா காவலெரி ஊரில் வந்து உட்கார்ந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். இத்தாலியில் பிறந்த இவர் 1937-இல் வார்தாவுக்குப் போய்க் காந்தியைச் சந்தித்து, சாந்திதாஸ் என்ற பெயரை அவரிடமே பெற்றவர். விரதம் நடந்துகொண்டிருந்தபோதே 103 விவசாயிகள் நிலத்தை விற்பதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். அக்டோபரில் 60 ஆடுகளைப் பாரிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய் ஐஃபல் கோபுரத்தின் கீழே மேயவிட்டார்கள்!

நான் பார்க்கப் போனது லா பிளாக்கியேர் தொழுவம். 1973-இல் அனுமதி வாங்காமலே, ராணுவம் கேட்ட நிலத்தில், எங்கெங்கிருந்தோ வந்த தொண்டர்கள் கல்லைச் செதுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். வரிப்பணத்தில் 3 சதவீதத்தை அரசுக்குக் கட்டாமல் இதற்குக் கொடுத்தவர்களும் உண்டு. ஆட்டுத் தொழுவத்துக்கு இவ்வளவு கம்பீரமான வளைவு தேவையே இல்லை. வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. பத்து வருட இழுபறிக்குப் பின் 1981-இல் அதிபரான மித்தரான் விரிவாக்கத்தைக் கைவிட்டார். ராணுவம் வாங்கி வைத்திருந்த நிலங்கள் 1985-இல் விவசாயிகளே நடத்தும் அமைப்பிடம் நீண்டகாலக் குத்தகைக்கு வந்தன. பழைய முகாம் இன்னும் இருக்கிறது. 2016 முதல் அங்கே பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாரின் லீஜியன் (வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் படை) அணி ஒன்று தங்கியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மியோ வரை ரயில் உண்டு, ஆனால் கிராமங்களுக்குள் சுற்றக் கார் இல்லாமல் நடக்காது. மதியம் 12 மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். 2 மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்கும், காற்றும் கொடுமை. ஏ75 சாலையில் சுங்கம் கிடையாது, 2004-இல் திறந்த மியோ பாலத்துக்கு மட்டும் உண்டு. மேலே காரில் போனால் கண்ணுக்குக் கம்பிகள்தான் தெரியும். தார்ன் ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் 343 மீட்டர் உயரம் என்ன என்று புரியும். அதற்குக் காசும் இல்லை.