எலும்புகளுக்கு ஔஷதம்

மார்ச் 27, 2025
அம்மாவுக்கு ஆபரேஷன் நாளைக்கு. வலது இடுப்பு. அம்மா என்னைக் கூப்பிடவில்லை.

மார்ச் 28
காலை 7.30-க்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் கையைப் பிடித்து, "நீ சாப்பிட்டுட்டு இரு" என்றாள். பதிலுக்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. 10.15-க்கு டாக்டர் வந்து நல்லபடியா முடிந்தது என்றார். ஸ்தோத்திரம்.

மார்ச் 30, ஞாயிறு
எழுதிவிடுகிறேன். செவ்வாய் ராத்திரி பாத்ரூம் போக மூன்றாவது தடவை எழுப்பினாள். எனக்குக் காலையில் ஸ்கூல். நான் சொன்னது நாலே வார்த்தை, "மனுஷியைத் தூங்க விட மாட்டியா?" கத்தக்கூட இல்லை, மெதுவாகத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் மோசம். புதன் ராத்திரி அவள் எழுப்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய் விழுந்திருக்கிறாள். கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் பதினோரு அடி, இன்று வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்கப் போனபோது அளந்து பார்த்தேன்.

அண்ணன் கேட்டதற்குக் கால் வழுக்கிவிட்டது என்றேன். மதினி போனை வாங்கி, "பக்கத்திலே படுத்திருந்தும் தெரியலையா?" என்றாள். "ஒரு ராத்திரி வந்து பார்த்துட்டுப் பேசுங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1
மூன்று பந்து வைத்த டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார்கள், குழாயை வாயில் வைத்து மூச்சை இழுக்க வேண்டும், நுரையீரலில் சளி கட்டாமலிருக்க. ஒரு பந்து பாதிதான் எழும்புகிறது. ராத்திரி டியூட்டி சிஸ்டர் சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். "சூப்பர் பாட்டி" என்றெல்லாம் அவள் சொல்வதில்லை. "காலையிலே அசையவே இல்ல, இப்ப பாதி வந்திருக்கு பாருங்க" என்கிறாள். அது உண்மை. அம்மா உடனே இன்னொரு தடவை இழுக்கிறாள்.

ஏப்ரல் 2
நீதிமொழிகள் 16 வாசிக்கச் சொன்னாள். "இனிய சொற்கள் தேன்கூடுபோல் ஆத்துமாவுக்கு மதுரமும், எலும்புகளுக்கு ஔஷதமுமாகும்." ஊசி போட வந்த சிஸ்டர், ஔஷதம்னா என்ன பாட்டி என்று கேட்டாள். "மருந்து. எலும்புக்குன்னே எழுதியிருக்கு பாரு" என்று அம்மா தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். நான் பைபிளை மூடிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 3
பார்க்க வந்த ஒருவர், ஆண்டவர் காரணமில்லாமல் எதையும் அனுமதிக்க மாட்டார், உங்களை ஆராய்ந்து பாருங்கள் என்று அம்மாவிடமே சொன்னார். ஜெபமும் செய்தார். அவர் போனபிறகு அம்மா ரொம்ப நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா ஒருத்தி தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள், அம்மா காலைப் பிடித்துவிட்டபடி அரைமணி நேரம் பேசாமல் இருந்தாள். போகும்போது, "நீ இல்லாம பாட்டுக்கு ஆரம்பம் எடுக்க ஆள் இல்ல, வந்து சேரு" என்றாள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதானே எல்லாம். அதற்குமேல் நான் என்ன சொல்ல, நாலு வார்த்தைக்காரி.

ஏப்ரல் 5
வீட்டுக்கு வந்துவிட்டோம். தரையில் உட்காரக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது. கட்டிலைப் பாத்ரூம் பக்கம் நகர்த்திவிட்டேன்.

ஏப்ரல் 8
"கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன், சங்கீதம் 141. கெட்டது வெளியே போகாமல் பூட்டிக் கொடும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். காவல்காரன் கதவைத் திறக்கவும் வேண்டுமே. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றபோது பூட்டியிருந்ததே, அது?

ஏப்ரல் 10
மூன்றாம் வகுப்பு விடைத்தாள், 34. அம்மா கட்டில் பக்கத்திலிருந்து திருத்தினேன். போன வருஷமெல்லாம் "கவனம் போதாது" என்று சிவப்பில் எழுதித் தள்ளியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு அது எங்கே போய்த் தைத்ததோ. ஒரு பையன் எல்லா ழ-வையும் ள ஆக்கியிருக்கிறான், ஆனால் மழை பற்றி ஐந்து வரி சொந்தமாக எழுதியிருக்கிறான். இந்த ஐந்து வரியும் உன்னுடையது, எனக்குப் பிடித்தது என்று எழுதினேன். ழ-வையும் வட்டமிட்டுத்தான் இருக்கிறேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
பவனி பாட்டு தெருவில் கேட்டது. வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரை ஒன்பது அடி. எங்கள் சர்ச், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், 1826-ல் பிரதிஷ்டை ஆனது, அடுத்த வருஷம் இருநூறு. "அதுக்கு நடந்தே போவேன்" என்றாள். போவோம்மா என்றேன். இப்படி உடனே பதில் வந்து எத்தனை நாளாயிற்று.

மதினியிடம் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 15
தூக்கமே இல்லை. அவள் புரண்டால் எழுந்துகொள்கிறேன், கேட்பதற்கு முன்பே லைட் போட்டுவிடுகிறேன். அவள் கூப்பிட ஒரு நாளும் இடம் கொடுக்கவில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

ஏப்ரல் 16
சொல்லிவிட்டேன். தலை வாரிவிடும்போது, பின்னால் நின்று, முகம் பார்க்காமல். "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னதாலதானே நீ கூப்பிடல?" கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஆமா" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நீயும் களைச்சுப் போயிருந்த. பின்னலை இறுக்காதே" என்றாள்.

அந்த ஆமா-வை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு ஆறியிருக்காது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மும்மணி ஆராதனை. 12-லிருந்து 3 வரை ஸ்பீக்கரில் கேட்டோம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழில் மூன்றாம் வார்த்தை, "அதோ, உன் தாய்". பந்து டப்பாவை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு மூச்சு இழுப்பது என்ன பாடு என்று இப்போது தெரியும். கைகளில் தொங்குகிறவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு மூச்சு வேண்டியிருக்கும். அதில் கொஞ்சத்தை, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குச் செலவழித்திருக்கிறார். நான் நாலு வார்த்தையைச் சும்மா படுத்த இடத்திலிருந்து சொன்னேன்.

அம்மா புளிப்புக் கஞ்சி கேட்டாள். கொடுத்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
ராத்திரி 2.40. "ஏட்டி." ஒரே ஒரு தடவை, மெல்ல. வந்துட்டேன்மா.

ஏப்ரல் 22
இரண்டு பந்து எழும்பியது. மதினிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் சாயங்காலம்