அரைப்பேர்

2016 செப்டெம்பரில் மேரியட் ஹோட்டல் நிறுவனம் ஸ்டார்வுட் என்ற மற்றொரு ஹோட்டல் நிறுவனத்தை ஏறத்தாழ 1,300 கோடி டொலருக்கு வாங்கிய செய்தியை ஹட்டனில் உள்ள வீட்டிலிருந்து படித்தபோது, அது பங்குச்சந்தைக்காரர்களின் கவலை என்றே நினைத்தேன். தேயிலை ஏற்றுமதி வேலையாக டுபாய்க்கும் சென்னைக்கும் அடிக்கடி போய்வரும் நான், அங்குள்ள ஸ்டார்வுட்டின் ஷெரட்டன், லீ மெரிடியன் ஹோட்டல்களில் தங்கி, அடிக்கடி தங்குவோருக்குப் புள்ளிகளும் சலுகைகளும் தரும் அதன் வெகுமதித் திட்டத்தில் பிளாட்டினம் தரத்தை வைத்திருந்தேன். ஆண்டுக்கு 25 தங்கல்களோ 50 இரவுகளோ இருந்தால் அத்தரம் கிடைக்கும். ஓரிரவு தங்கினாலும் ஒரு தங்கல் என்பதால், வந்த வேகத்தில் திரும்பும் என் போன்றவர்களுக்கு முதல் கணக்கே தோதாக இருந்தது.

2018 ஓகஸ்ட் 18 அன்று மேரியட், ஸ்டார்வுட் இரண்டின் வெகுமதித் திட்டங்களும் ஒன்றாக்கப்பட்டன. ஒரு ஸ்டார்வுட் புள்ளி மூன்றாகியது. சக ஊழியர்கள் மகிழ்ந்தார்கள். அறைக்குக் கேட்கும் புள்ளிகளும் ஏறத்தாழ அதே மடங்கில் ஏறியிருப்பதைக் கண்டதும் அடங்கிப்போனார்கள்.

என் சிக்கல் வேறு. என்னிடம் இரு திட்டங்களிலும் கணக்குகள் இருந்தன. ஒன்றில் கடவுச்சீட்டில் உள்ளபடி அப்பாவின் பெயர் முழுதாகவும், மற்றதில் வெறும் முதலெழுத்தாகவும் பதிவாகியிருந்தது. இரண்டையும் அவசரத்தில் பதிந்தவன் நான்தான். இணைக்க முயன்றபோது இருவேறு ஆட்கள் என்று வந்தது. மழைநாளில் வீட்டுக்குள் சிக்னல் நிற்காததால், வாசற்படியில் குடையோடு நின்று வாடிக்கையாளர் சேவையுடன் பேசினேன். மறுமுனையிலிருந்த பெண்மணி மிகப் பணிவாக, அழைப்பு முடியும்வரை என்னை அப்பாவின் பெயரால் விளித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, ஷெரட்டன் படியேறியதே இல்லை. ஹட்டன் நகரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கடவுச்சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பிய பின், சில நாட்களில் கணக்குகள் இணைந்தன. புள்ளி ஒன்றும் குறையவில்லை.

குறைந்தது வேறிடத்தில். புதிய திட்டத்தில் தங்கல் என்ற அளவே இல்லை. இரவுகள் மட்டுமே எண்ணப்பட்டன. பிளாட்டினத்துக்கு 50 இரவுகள், அதற்குக் கீழான கோல்டுக்கு 25. இதை அப்பாவிடம் விளக்கியபோது அவருக்கு உடனே விளங்கிவிட்டது: நிர்ணயித்த கிலோ கொழுந்து வராவிட்டால், நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தானே விழும் என்றார். 2019 பெப்ரவரியில் திட்டத்துக்குப் பொன்வோய் என்று பெயரிட்டார்கள். அவ்வாண்டு நான் 27 முறை தங்கினேன், இரவுகள் 34. பழைய கணக்கில் முழுப்பேர், புதியதில் 16 குறைவு.

மாலை நான்கு மணிவரை அறையை வைத்திருக்கும் சலுகையும் பிளாட்டினத்துக்கே உரியது. இரவு விமானம் பிடிப்பவனுக்கு அதுதான் காலை உணவை விடப் பெரிது. கோல்டுக்கு இரண்டு மணி, அதுவும் அறை வெறுமையாக இருந்தால். ஆகவே 2019 டிசம்பரில் 60,000 புள்ளிகளை விமானத் திட்டமொன்றுக்கு மாற்றி 25,000 மைல்கள் பெற்றேன். ஸ்டார்வுட் காலத்தில் அதற்குச் சமமான 20,000 புள்ளிகளுக்குக் கிடைத்ததும் அதே 25,000தான். கைமாறிய பின்னும் அசையாமல் நின்ற கணக்கு அது.