15 அடிக்கு 7 அடி: நட்ஷெல் பப்பில் ஒரு பிற்பகல்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் உள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே இடிந்து நிற்கும் மடாலயத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து ரயில் ஏறி வந்த நானும் முதலில் அங்கேதான் போனேன். ஆனால் அந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கடைத்தெருவையொட்டி டிராவர்ஸ் என்ற தெருவில் இருக்கும் நட்ஷெல் பப்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1867ஆம் ஆண்டு முதல் பப்பாக இயங்கிவரும் அந்தக் கட்டடத்தின் குடிக்கும் அறை ஏறத்தாழ 15 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டது. பிரிட்டனின் மிகச் சிறிய பப் என்று கின்னஸ் பதிவிலும் இடம்பிடித்திருக்கிறது. அந்தப் பட்டத்துக்குப் போட்டி உண்டு. கிளீதோர்ப்ஸ் கடற்கரையில் பழைய ரயில்வே சிக்னல் அறை ஒன்றைப் பப்பாக்கியவர்களும் அதற்கு உரிமை கொண்டாடுகிறார்கள். எது சிறியது என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. 1984இல் இதே அறைக்குள் 102 பேரும் ஒரு நாயும் நெருக்கியடித்து நின்றார்கள் என்ற செய்திதான் என்னை வியக்க வைத்தது. மொத்தப் பரப்பே சுமார் 105 சதுர அடி என்னும்போது, கவுன்டரையும் இருக்கைகளையும் கழித்துப் பார்த்தால், ஆளுக்கு ஒரு சதுர அடி கூடக் கிடைத்திருக்காது.

நான் போனபோது உள்ளே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அதற்கே அறை நிறைந்துவிட்டது. கதவைத் திறந்தவுடன் எல்லோருடைய முகமும் நம்மை நோக்கித் திரும்புகிறது, ஏனெனில் திரும்பாமல் இருக்க அங்கே இடமில்லை. ஒருவர் தோளை ஒதுக்கி வழிவிட்டார், இன்னொருவர் தம் கோப்பையைச் சன்னல் விளிம்புக்கு நகர்த்தினார், நான் கவுன்டரை அடைந்துவிட்டேன். பெரிய பப்புகளில் தனியாக ஒரு மூலை பிடித்து உட்கார்ந்துகொள்ளலாம். இங்கே மூலையே கிடையாது என்பதால் எல்லோரும் ஒரே பேச்சுக்குள் வந்துவிடுகிறார்கள்.

சுவர்களில் புகைப்படங்களும் பழைய பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் உட்கூரை முழுக்கப் பல நாட்டுப் பணத்தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. புதிதாக ஒட்டியவை நிறம் மாறாமல் இருக்க, பழையவை பழுப்பேறி, ஓரம் சுருண்டு, எந்த நாட்டுப் பணம் என்றே தெரியாதபடி மங்கிவிட்டன. இங்கிலாந்தில் 2007இல்தான் பப்புகளுக்குள் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பு ஒட்டியவற்றில் அந்தப் புகையும் படிந்திருக்கும். இப்போதெல்லாம் அலங்கரிப்பவர்களை வைத்து ஒரே நாளில் 'பழமை' பூசிக்கொள்ளும் கடைகள் எத்தனையோ உண்டு. இந்தக் கூரையை நிரப்பியவர்கள் வந்துபோன குடிமக்களே என்பது பார்த்தவுடனேயே புரிகிறது.

அந்தப் பணத்தாள்களுக்கு நடுவே, கூரையிலிருந்து ஒரு பூனை தொங்குகிறது. உயிர் போய் நெடுங்காலமாகி, தோல் எலும்போடு ஒட்டிக் காய்ந்து, பழைய செருப்புத்தோலின் நிறத்துக்கு வந்துவிட்ட உடல் அது. காதுகளும் கால்களும் இன்னும் அடையாளம் தெரிகின்றன. கட்டட வேலையின்போது சுவருக்குள்ளிருந்து கிடைத்தது என்கிறார்கள். தீய சக்திகளும் சூனியக்காரர்களும் வீட்டுக்குள் நுழையாமலிருக்கச் சுவருக்குள் பூனையை வைத்துக் கட்டும் வழக்கம் அக்காலத்தில் இங்கிலாந்தில் இருந்திருக்கிறது. அதைத் தொட்டால் கெட்டது நடக்கும் என்ற நம்பிக்கை இன்றும் அந்த அறையில் வாழ்கிறது; வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், கையை மட்டும் நீட்டுவதில்லை.

எனக்கு அந்தப் பூனையைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டி 1645இல் 18 பேரைத் தூக்கிலிட்ட ஊர் இது. 1662இல் லோவஸ்டாஃப்ட் ஊரைச் சேர்ந்த இரு பெண்களும் இங்கேதான் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த விசாரணைகளுக்கும் இந்தப் பூனைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அண்டை வீட்டுக்காரியைக் கண்டு அஞ்சி நீதிமன்றத்துக்குப் போக வைத்த அதே பயம்தான், தன் வீட்டுச் சுவருக்குள் ஒரு விலங்கை வைத்துப் பூசவும் ஒருவரைத் தூண்டியிருக்க வேண்டும்.

பப்பின் உரிமையாளரான கிரீன் கிங் என்ற பீர் நிறுவனம் 1799இல் இதே ஊரில் தொடங்கப்பட்டது. அதன் அபட் ஏல் என்ற பீரைக் கேட்டேன். மடாலயத் தலைவரின் பதவிப் பெயரைத் தாங்கிய பீரை அவருடைய ஊரிலேயே குடிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நின்ற பெண் நீண்ட கைப்பிடியைத் தன் பக்கமாக நிதானமாக இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் பீப்பாயிலிருந்து ஏல் மேலேறி, செம்பழுப்பு நிறத்தில் கோப்பையை நிரப்பியது. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் இந்த வகை ஏலைத் திறந்துவிட்டால் சில நாள்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். பனிக்கட்டிபோல் குளிர வைக்காமல், நிலவறையின் குளிர்ச்சியிலேயே தருவதால் தானியத்தின் இனிப்பும் அதைத் தொடர்ந்து வரும் கசப்பும் தனித்தனியாக நாவில் தெரிகின்றன.

பக்கத்தில் நின்ற முதியவர், நான் கேட்காமலேயே, ஊரில் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். எதிரே நின்ற இருவர் அதை மறுத்தார்கள். மடாலயத் தோட்டத்துக்கு எந்த வாசல் வழியாக நுழைவது நல்லது என்பதில் மூவருக்கும் நடந்த வாக்குவாதம் என் கோப்பை காலியாகும்வரை ஓயவில்லை.

இங்கே போக விரும்புகிறவர்கள் வார நாளில், பிற்பகலில் போவது நல்லது. கூட்டமான சனிக்கிழமையில் கூரையை நிமிர்ந்து பார்க்கவே இடம் கிடைக்காது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்துப் பூனையைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர்களையும் கண்டேன். முன்பு இதே 'மிகச் சிறிய பப்' பட்டத்துக்குப் போட்டியிட்ட, டார்செட் மாவட்டத்து ஸ்மித்ஸ் ஆர்ம்ஸ் மூடப்பட்டுவிட்டது. நட்ஷெல்லின் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வியாபாரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அரை பைன்டாவது (கால் லிட்டருக்குச் சற்றே அதிகம்) வாங்கி, நின்றுகொண்டே குடித்துவிட்டு வாருங்கள்.